தரமணியா, பெரியமேடா, கிண்டியா: ஜவுளி வடிவமைப்பை எங்கே படிப்பது?

"ஜவுளி வடிவமைப்பு படிக்கப் போகிறேன்" என்று பிளஸ் டூ படிக்கும் பெண் வீட்டில் சொன்னால், பெரும்பாலும் எழும் முதல் கேள்வி "தையலா?" என்பதுதான். என் அக்காள் வீட்டிலும் தீபாவளிக்கு மறுநாள் அதுவே நடந்தது. அத்தான் அப்படிக் கேட்டதில் தவறில்லை. தையல், ஆயத்த ஆடை, ஃபேஷன், நெசவு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துப் பேசுவது நம் வழக்கம். ஃபேஷன் வடிவமைப்பாளர் கைக்கு வந்த துணியை வெட்டி உடையாக்குகிறார். ஜவுளி வடிவமைப்பாளர் அந்தத் துணி பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார். எந்த நூல், எத்தனையாம் நம்பர், பாவில், அதாவது நீளவாட்டில், அங்குலத்துக்கு எத்தனை இழை, ஊடையில், அதாவது குறுக்கு இழையில், என்ன நிறம், நெய்த பின் அச்சிடுவதா, நெய்வதற்கு முன்பே நூலுக்குச் சாயமேற்றுவதா, முதல் துவைப்பில் எவ்வளவு சுருங்கும் என்பவையே அவருடைய கேள்விகள். முகம் துடைக்கும் துண்டும் மேசை விரிப்பும் பேருந்து இருக்கையின் உறையும், யாரோ ஒருவர் கிராஃப் தாளிலோ கணினியிலோ நிரப்பிய கட்டங்களிலிருந்து வந்தவைதாம்.

சென்னையிலுள்ள வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், அக்காள் மகளின் படிப்புப் பஞ்சாயத்து என்னிடம் வந்து சேர்ந்தது. அவள் முன்னே மூன்று வழிகள் இருந்தன. தரமணியில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி எனும் ஏ.சி. டெக். மூன்றுமே நான்கு ஆண்டுகள். மூன்றிலும் துணியைத்தான் படிக்கிறார்கள். ஆனால் மூன்றிலிருந்தும் வெளியே வருபவர் மூன்று வேறு மனிதர்கள். எது சிறந்தது என்று கேட்பதைவிட, ஒவ்வொரு கல்லூரியும் எதைத் தராது, தராததைச் சென்னையில் வேறு எங்காவது தேடிப் பெற முடியுமா என்று கேட்பதே இந்த விஷயத்தில் பயன்படும் கேள்வி என்று அவளிடம் சொன்னேன். கீழே எழுதியிருப்பது அந்தப் பேச்சின் விரிவு.

முதலில் நாள்கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் விருப்பம் தோற்பது மதிப்பெண்ணில் அன்று, நாட்காட்டியில். நிஃப்ட் விண்ணப்பம் பொதுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். எழுத்துத் தேர்வும் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்துவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு அந்தக் கதவு இல்லை. படைப்புத் திறனைப் பார்க்கும் வரைதல் தாள் ஒன்று, பொதுத் திறன் தாள் ஒன்று, அவற்றில் தேறியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு அங்கேயே ஒரு வடிவத்தைச் செய்து காட்டும் தேர்வு ஒன்று என மூன்று படிகள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதைத் தமிழ்வழியில் படித்தவர்கள் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். எந்தப் பாடப்பிரிவு எடுத்துப் பிளஸ் டூ முடித்தவரும் இதில் சேரலாம். இன்னொன்று, இது மத்திய அரசு நிறுவனம். ஆகவே நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிக்கும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று.

அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பத்துக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபை வைத்துப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்பதும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் இந்த வழியின் பெரும் வலிமைகள். கணிதம் எடுக்காதவருக்கு இது பூட்டிய கதவு. கவின் கலைக் கல்லூரியில் அளவுகோல் முற்றிலும் வேறு. அங்கே உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். முந்நூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கினாயா, ஐந்நூறுக்கு மேல் வாங்கினாயா என்பது அந்தத் தாளின் முன் அவ்வளவாக உதவாது.

இனி ஒவ்வோர் இடமாகப் பார்க்கலாம். தரமணி நிஃப்ட் 1995-இல் தொடங்கப்பட்டது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருவது. 2006-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தானே பட்டம் வழங்குவது. முதலாண்டில் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள்; அதன் பிறகுதான் நெசவு, அச்சு, சாயம், பூவேலை, கணினி வடிவமைப்பு என்று துணிக்குள் நுழைகிறார்கள். இடையில் கைவினைஞர்கள் வாழும் ஊர் ஒன்றுக்குப் போய்த் தங்கி, அங்கு நடக்கும் வேலையை ஆவணப்படுத்த வேண்டும். பிறகு தொழில் நிறுவனத்தில் பயிற்சி. கடைசி அரையாண்டு முழுவதும் ஒரு நிறுவனத்துக்காகச் செய்யும் திட்டப்பணி. இந்த அமைப்பின் நன்மையை நான் மேசைக்கு மறுபுறமிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த நிஃப்ட் மாணவியர், ஒரு திரைச்சீலைத் தொகுப்பை படங்களும் நிறங்களும் ஒட்டிய எண்ணப் பலகையிலிருந்து நிறத் தேர்வு, மாதிரி, விலைக் கணக்கு வரை கோத்து, வெளிநாட்டு வாங்குநர் முன் தயங்காமல் எடுத்துரைப்பார்கள். அந்தப் பழக்கம் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும் பழக்கம். அதைவிடப் பெரியது, உடன் படித்தவர்களின் பரப்பு. பத்தாண்டுகள் கழித்து டெல்லியில் ஒருவர் வாங்குநர் அலுவலகத்திலும், பெங்களூரில் ஒருவர் ஆடை நிறுவனத்திலும், பானிப்பட்டில் ஒருவர் கம்பள ஆலையிலும் இருப்பார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் நடக்கும்.

மாணவ வாழ்க்கை என்று பார்த்தால், அது ஓயாத ஓட்டம். 'சப்மிஷன்' என்ற சொல்லே அங்கு வாரநாள்களின் பெயரைப் போல ஆகிவிடும். வகுப்பில் பல மாநிலத்தார் இருப்பதால் பேச்சு ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் சில மாதங்கள் வாயடைத்து உட்கார்ந்திருப்பது இயல்பு. பின்னர் அது தானாகச் சரியாகிவிடுகிறது, ஆனால் அந்த முதல் அரையாண்டில் வீட்டார் ஆதரவாக இருக்க வேண்டும். ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்குத் தாவும் வேகத்தில், ஒரே தறியில் நீண்ட நாள் உட்கார்ந்து கை பழகுவதற்கு இடம் குறைவு என்பது என் மதிப்பீடு. சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கட்டணம்தான் இங்கே தடைச் சுவர். நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அதற்கு மேல் நூல், சாயம், தாள், அச்சுச் செலவு, நல்ல மடிக்கணினி, வெளியூர்ப் பிள்ளையானால் விடுதி. கல்விக் கடன் கிடைக்கும். ஆனால் கடன் தவணையைச் சுமந்துகொண்டு வேலைக்கு வருபவர், தனக்குப் பிடித்த கைத்தறி வேலையை விட்டுவிட்டு முதலில் கிடைத்த சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். படிப்புச் செலவு என்பது படித்து முடித்த பிறகு நாம் எந்த வேலையை மறுக்க முடியும் என்பதையும் தீர்மானிக்கிறது.

பெரியமேட்டில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் கதை 1850-இல் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமை ஏற்று நடத்திய இடம். ஓவியம், சிற்பம் என்றே வெளியில் அறியப்பட்டாலும், அங்கே ஜவுளி வடிவமைப்பில் நான்காண்டு பி.எஃப்.ஏ. பட்டப் படிப்பு இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் சேர்ந்தால், நிறம், தூரிகைச் செலவில் ஒரு பகுதி அதிலேயே ஈடாகிவிடும்.

அங்குள்ள வாழ்க்கையின் தாளம் வேறு. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் என்று பல ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், பேச்சு தமிழில், காலையில் எழும்பூர் நிலையத்திலோ சென்ட்ரலிலோ நடைமேடையில் உட்கார்ந்து, மூட்டையில் தலை வைத்து உறங்கும் பயணியைக் கோட்டுச் சித்திரமாக வரைந்துவிட்டு வகுப்புக்குப் போவார்கள். ஜவுளிப் பிரிவில் படிக்கும் பிள்ளை, பக்கத்துக் கூடத்தில் சுட்ட மண்ணையும் அடுத்த கூடத்தில் அச்சுப் பதிப்பையும் நாள்தோறும் பார்த்து வளர்கிறாள். ஒரு பூவை ஆயிரம் தடவை வரைந்தவளுக்கும், கணினியில் இருந்த பூவை இறக்கி நிறம் மாற்றியவளுக்கும் உள்ள வேறுபாடு சேலையின் புட்டாவில் தெரியும். இந்தக் கல்லூரிக்கும் துணிக்கும் உள்ள உறவும் பழையது. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்களில் பணியாற்றியவர்கள். கைத்தறித் துணியில் இருபதாம் நூற்றாண்டின் வடிவங்கள் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் ஓவியக் கண் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. நான் படித்ததும் ஓவியம் சார்ந்த ஒரு படிப்புதான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு பட்டுக் கரைக்கு, கொடியில் மயில் சாய்ந்திருப்பதைப் போன்ற வடிவம் ஒன்றைப் போட்டேன். தாளில் பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அதை நெய்த பெரியவர், அரை முழம் நெய்ததும் தறியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மயிலின் தோகைக்கு நான் விட்டிருந்த அகலமான நிறப்பரப்பில், ஊடை நூல் பாவில் எங்கும் கட்டுப்படாமல் இரண்டு விரற்கடை நீளத்துக்கு மேலாகவே மிதந்தது. அவர் தம் மோதிர விரலை அந்த மிதப்பில் மாட்டி மெல்லத் தூக்கினார். கரை முழுவதும் சுருங்கி மேலே வந்தது. "தாளுக்கு ஆகும்மா இது. கட்டிக்கிட்டுப் போறவ கை வளையல்ல மாட்டிச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றார். வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டைகளை மீண்டும் அடிக்க ஆன செலவு என் இரண்டு மாதச் சம்பளம். நிறப்பரப்புக்குள் ஒரு கட்டு நெசவைக் கொடுத்து மிதப்பை உடைக்க வேண்டும் என்ற எளிய விதியை, வடிவமைப்புப் பாடமாக அன்றி வெட்கமாகக் கற்றேன். கலைக் கல்லூரி வழியைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இடைவெளியைத் தாமே அடைக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக, அதை அடைக்கும் இடம் சென்னையிலிருந்து 75 கிலோமீட்டரில் இருக்கிறது.

கிண்டியில் இருப்பது முற்றிலும் வேறு உலகம். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் தொடங்கப்பட்டது. மாணவர் வாயில் எப்போதும் 'ஏ.சி. டெக்' தான். அங்கே துணி ஓர் அழகுப் பொருளாக அறிமுகமாவதில்லை. இழையின் வலிமை, முறுக்கு, உராய்வு, ஈரம் உறிஞ்சும் தன்மை என்று அளக்கப்படும் பொருளாக அறிமுகமாகிறது. நாற்பதாம் நம்பர் நூல் என்று கடைக்காரரும் சொல்வார், நெசவாளரும் சொல்வார். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே அந்த எண், ஆகவே நாற்பதாம் நம்பரில் ஒரு பவுண்டு நூல் 33,600 கெஜம் நீளும், நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பதை தொடக்கத்திலேயே கணக்காகச் செய்து பார்ப்பவர்கள் அங்குள்ளவர்கள். நூற்பு, நெசவு, பின்னல், வேதிச் செயல்முறை, சோதனை, தொழில்நுட்ப ஜவுளி என்று பாடங்கள் விரியும். வரைதலுக்கு இடம் மிகக் குறைவு.

இந்தப் படிப்பின் பலம் என்ன என்பது எனக்கு ஒரு ஒளிப்பெட்டியின் முன் விளங்கியது. வாங்குநர் ஒரு சிறு துணித்துண்டை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பார். சாயப் பட்டறை அதற்கு இணையான சில மாதிரிகளைச் சாயமிட்டு அனுப்பும். இவற்றை 'லேப் டிப்' என்போம். ஒருமுறை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, அச்சு அசலாக இருக்கிறது என்று ஒரு பழுப்புப் பச்சையை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏ.சி. டெக்கில் படித்து எங்கள் தரப் பிரிவில் இருந்த தோழி, அதை ஒளிப்பெட்டிக்குள் வைத்து, பகல் ஒளியை அணைத்துக் கடை விளக்கொளியைப் போட்டாள். வாங்குநரின் துண்டு பச்சையாகவே நின்றது. எங்கள் மாதிரி செம்மை தட்டிப்போயிற்று. ஒரே நிறமாகத் தோன்றும் இரண்டு சாயக் கலவைகள், ஒளி மாறும்போது பிரிந்துபோகும் என்பதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. எந்தச் சாயத்தை எதனோடு சேர்க்கக் கூடாது என்று அவள் பட்டறைக்குச் சொன்னாள். என்னால் 'இன்னும் கொஞ்சம் பச்சை' என்று மட்டுமே சொல்லியிருக்க முடியும்.

சாயம் பற்றிய பேச்சில், நம் ஊரின் பெயரைத் தாங்கிய துணியின் கதையையும் சொல்லிவிடலாம். சற்றே விலகல்தான், ஆயினும் பொருந்தும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைத் துணி, முதல் துவைப்பிலேயே நிறம் இறங்கிற்று. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு 'சாயம் இறங்கும் என்பதற்கு உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக விளம்பரப்படுத்தி விற்றார்கள் என்பது இத்தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் கதை. விளம்பரம் எழுதத் தெரிந்தவர் அந்தச் சரக்கைக் காப்பாற்றினார். எல்லா ஏற்றுமதியாளருக்கும் அப்படிப்பட்டவர் கிடைப்பதில்லை. சாயம் ஏன் இறங்குகிறது என்று அறிந்தவர் உள்ளே இருப்பதே மேல்.

ஏ.சி. டெக் மாணவ வாழ்க்கையில் பொறியியல் கல்லூரிக்குரிய எல்லாமே உண்டு: பெரிய வளாகம், நூலகம், விடுதி, விளையாட்டு, பிற துறை நண்பர்கள், வளாக வேலைவாய்ப்பு. கட்டணம் ஆண்டுக்கு லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவு மாணவராக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்கள் வளாகத்துக்கு வருவதால், நான்கு ஆண்டுகள் நூலைப் படித்த பலர் நூலைத் தொடாத வேலைக்குப் போய்விடுகிறார்கள். குடும்பத்துக்கு அது நிம்மதி. துணி மீது ஆசை கொண்டு வந்த பிள்ளைக்கு அது சபலம். அத்தானுக்கு இந்த வழி பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே என்பது என் ஐயம்.

வேறு வழிகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். தரமணியிலேயே, நிஃப்டுக்கு அருகில், அரசின் ஜவுளித் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு நிறுவனம் இருப்பது அக்கம்பக்கத்தாருக்கே தெரிவதில்லை. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் படிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. தறியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டக் கற்க அதைப் போன்ற இடம் குறைவு. பட்டயம் முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உள்ளது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.), கிடைத்தால் யோசிக்காமல் போக வேண்டிய இடம். இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை நம்பி மற்றவற்றைக் கைவிடக் கூடாது. சென்னையைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, சேர்க்கை அதிகாரி காட்டும் காணொளியைப் பார்க்காமல், தறிக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை தறி, அவற்றில் எத்தனையில் இப்போது பாவு ஏறியிருக்கிறது, சாயக் கூடத்தின் தொட்டியில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறையற்ற சாயக் கூடம் ஒரு கெட்ட சகுனம்.

வேலை வாய்ப்பு என்று வரும்போது, சென்னைக்காரர் பலரும் கருதுவதற்கு மாறாக, இத்துறையின் பெரும்பகுதி வேலை சென்னைக்குள் இல்லை. மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை என்றால் கரூர்; பின்னலாடை என்றால் திருப்பூர்; ஈரோடு, சேலம், ராஜபாளையம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிறப்பு. சென்னையில் வாங்குநர் அலுவலகங்களும், அம்பத்தூர், கிண்டி, தாம்பரம் வட்டாரத்து ஏற்றுமதி நிறுவனங்களும், தியாகராய நகரின் பெரிய சேலைக் கடைகளுக்கு வடிவம் போடுபவர்களும், கைத்தறியை நேரடியாக விற்கும் சிறு முயற்சிகளும் இருக்கின்றன. நிஃப்டில் படித்தவர் வாங்குநர் அலுவலகத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் எளிதில் நுழைகிறார், ஏ.சி. டெக்கில் படித்தவர் ஆலை, தரம், சோதனை, உற்பத்தி ஆகியவற்றுக்கு. கவின் கலையில் படித்தவர் அச்சு வடிவமைப்பு, சேலை வடிவமைப்பு, தனித் தொழில், கலை ஆசிரியப் பணி ஆகியவற்றுக்கு. தொடக்கச் சம்பளத்தில் கவின் கலையில் படித்தவரே பின்தங்குவார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேற்படிப்பில் இந்த வேலிகள் கொஞ்சம் தளர்கின்றன: பி.எஃப்.ஏ. முடித்தவர் நிஃப்ட், என்.ஐ.டி., ஐ.ஐ.டி.களின் முதுநிலை வடிவமைப்புக்குப் போட்டியிடலாம், பி.டெக். முடித்தவர் கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக். பக்கம் போகலாம்.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். கல்லூரி தராததைச் சென்னை தருமா? வரைதலைத் தரும், மனிதரும் மாடும் படகும் நிறைந்த ஊரில் வரைவதற்குக் கட்டணம் இல்லை. நெசவைத் தரும், கடற்கரை நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் காஞ்சிபுரம், அங்கே கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வையை வாசலில் நின்றே பார்க்கலாம். காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி காலத்திலிருந்து நெசவுக் கூடம் நடக்கிறது; கிழக்குக் கடற்கரைச் சாலையில் தென்னிந்தியக் கைவினைகளைக் காட்டும் தட்சிணசித்ரா இருக்கிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் எழும்பூர் விற்பனைக் கூடத்தில் நெகமம், சுங்குடி, ஆரணி, திருபுவனம் என்று சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டச் சொன்னால், அது நுழைவுச் சீட்டில்லாத அருங்காட்சியகம். சௌகார்பேட்டை கோடவுன் தெருவில் ஒரு நாள் நின்றால், மீட்டர் விலை என்ற ஆறு எழுத்து எந்த அழகையும் எப்படிக் கீழே இறக்கும் என்பது புரியும்.

சென்னை வெளியே தராதவை இரண்டு. ஒன்று, வேதியியல் கூடம். சாயத்தையும் இழையையும் முறையாகச் சோதித்துக் கற்பதைத் தனியாளாகத் தேடிப் பெற முடியாது. மற்றொன்று, தரமணி தரும் தோழமைப் பரப்பும் தொழில் நுழைவும். அவற்றையும் தெருவில் வாங்க முடியாது. ஆகவே, 'இது ஏன் இப்படி ஆகிறது' என்று நோண்டும் குணமும் கணிதமும் உடைய பிள்ளைக்கு ஏ.சி. டெக்கை நான் தயங்காமல் சொல்வேன். வரைதலை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ளலாம். நகையை அடகு வைக்காமல் கட்டணம் கட்ட முடிந்த, பல ஊர்களில் வேலை பார்க்க விரும்பும் பிள்ளைக்கு நிஃப்ட். கையில் கோடு ஓடும், பணம் ஓடாது என்ற வீட்டுப் பிள்ளைக்குக் கவின் கலைக் கல்லூரி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கோடை விடுமுறைகளில் இரண்டையாவது காஞ்சிபுரத்திலோ கரூரிலோ தறியின் பக்கத்தில் கழிக்க வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவேற்றாதவர், என்னைப் போல, அட்டை அடித்த செலவில் அதே பாடத்தைப் படிப்பார்.

அக்காள் மகள் கணிதம் எடுத்திருக்கிறாள், கையும் நன்றாக ஓடுகிறது, இதுதான் சிக்கலே. நிஃப்ட் எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்தாயிற்று, ஓ.பி.சி. சான்றிதழ் மூன்றாவது அலைச்சலில் கைக்கு வந்தது. "சித்தி, நான் காஞ்சிபுரம் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் என்னோடு வந்தாள். மயிலுக்கு விரல் மாட்டிய பெரியவர் இப்போது நெய்வதில்லை. அவருடைய மருமகள் தறியில் இருந்தாள். அறுந்த ஓர் இழையை, தறியில் இழைகளைத் தூக்கும் விழுதிலும் அவற்றைப் பிரித்து நிறுத்தும் சீப்பான அச்சிலும் கோத்து முடிச்சிட அக்காள் மகளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, அவள் அதைவிட்டு எழவில்லை. திரும்பும் வழியில், நிஃப்ட் கிடைக்காவிட்டால் கவின் கலை என்றாள். அவள் அப்பா அதற்கு இன்னும் இசையவில்லை. பொறியியல் கலந்தாய்வில் ஜவுளித் தொழில்நுட்பத்தை எத்தனையாவது தெரிவாக வைப்பது என்பதில் இருவருக்கும் இழுபறி. கலந்தாய்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. முதலில் அவள் பிளஸ் டூ வேதியியலை முடிக்கட்டும்.